புது டிவி வந்த நாள்

2008 மே, ஞாயிறு இரவு.

இன்று பெங்களூரு அடுகோடியில் ஒரு கடையில் ஒருவழியாக ஃபிளாட் டிவி வாங்கிவிட்டோம். ரொம்ப மலிவும் இல்லை, ரொம்ப விலையும் இல்லை. "இது போதுமா கண்ணு?" என்று மகள் திவ்யாவைக் கேட்டேன்.

"உங்களுக்கும் அம்மாவுக்கும் பிடிச்சதை எடுங்கப்பா. நான் எங்க பாக்கப் போறேன்? அடுத்த மாசம் கோயமுத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்ல" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அவள் பத்தாவது முடித்தபோது பழைய டிவி கெட்டுப்போனது. படிப்பு கெடும், பன்னிரண்டாவது வரையான பியூசி முடியட்டும் என்று நான்தான் ரிப்பேர் செய்யவிடவில்லை. கிரிக்கெட் பார்க்கப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றவளைத் திட்டிக் கூட்டிவந்ததும் நான்தான்.

மாலையில் கடை ஆட்கள் வந்து டிவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். திவ்யாவைக் கூப்பிட்டேன். நின்றபடியே கொஞ்சம் பார்த்தாள். "படம் நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டாள்.

"இதை ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கியிருக்கலாங்க" என்றாள் என் மனைவி.

டிவியை அணைத்துவிட்டு, மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு சுடிதாரை மடித்தேன். "இப்படி இல்லப்பா" என்று சிரித்து, அதைப் பிரித்து அவளே மறுபடி மடித்தாள்.