மாமா எடுத்த கை அளவு

அன்புள்ள என்னவருக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். கப்பலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நம் மகன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததைப் படித்தால் நீங்கள் குதிப்பீர்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சுகாதார நிலையத்தில் குழந்தை இருக்கும் வீட்டுக்கெல்லாம் ஒரு நாடா கொடுத்தார்கள். பிள்ளையின் மேல்கையைச் சுற்றி அளந்தால் நிறம் காட்டும். பச்சை என்றால் கவலையில்லை. சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்கு மெலிந்துவிட்டான் என்று அர்த்தம். நாடா என்றதும் மாமா விடுவாரா, உங்கள் அப்பாவாயிற்றே? ஊருக்கே சட்டை தைத்தவனுக்கு அளவெடுக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று பிடுங்கிக்கொண்டார். வாராவாரம் அவரே அளந்தார். வாராவாரம் பச்சை. தெருவெல்லாம் பெருமை வேறு.

பிள்ளையோ வயிற்றுப்போக்கு வந்துபோன பிறகு துவண்டே கிடந்தான். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனசு கேட்காமல் நர்சம்மாவை வீட்டுக்கே கூட்டிவந்தேன். அவர் மாமாவையே அளந்து காட்டச் சொன்னார். மாமா வழக்கம்போல நாடாவுக்கும் கைக்கும் நடுவே தன் விரலை நுழைத்து அளந்தார். பச்சை. நர்சம்மா மெதுவாகச் சொன்னார்: "ஐயா, விரலை எடுத்துட்டு அளங்க."

சிவப்பு.

சட்டை இறுக்கிப் பிடிக்காமல் இருக்க, காலமெல்லாம் விரல் விட்டு அளந்த கை அது. எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன்.

உடனே சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். வேர்க்கடலையை அரைத்துச் செய்த சத்துப் பசைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, இதை இவனாகச் சாப்பிட்டால் வீட்டிலேயே தேற்றிவிடலாம், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார்கள். உங்கள் மகன் முதலில் ஒதுக்கினான், பிறகு நக்கினான், அப்புறம் நர்சம்மா விரலையும் சேர்த்துக் கடித்தான். சாப்பாட்டு விஷயத்தில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

அன்றிலிருந்து தினமும் பொட்டலம்தான். அது மருந்து மாதிரி, வீட்டில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மூக்கு, காது, என் புடவை எல்லாம் பசை. நேற்று சுகாதார நிலையத்தில் நர்சம்மா அளந்தார். மஞ்சளுக்கு வந்துவிட்டான், பச்சைக்கு நூலளவுதான் பாக்கி. அங்கேயே அழுதுவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாமாதான் இன்னும் தேறவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் பிள்ளையைத் தொடுவதே இல்லை. என் பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "என் கைய இனிமே நம்பாதம்மா" என்கிறார். இவனோ தெம்பு வந்ததும் தவழ்ந்துபோய், தையல் மெஷினுக்கு அடியில் புகுந்து, தூக்கச் சொல்லி அவர் காலைப் பிடித்து இழுக்கிறான். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்க்கிறார்.

கோபப்படுவதென்றால் என்மேல் படுங்கள். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். திட்டவும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். அப்பா, பிள்ளையைத் தூக்குங்கள் என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் தட்டமாட்டார். இவனைத் தூக்கிவிட்டு, அடேயப்பா என்ன கனம் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்க வேண்டும்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி