அளவுச் சட்டை

என் அன்பிற்குரியவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ஃபோனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது.

உங்கள் அறைத் தோழர் விடுமுறையில் ஊருக்கு வந்தார். புதுச் சட்டைகளுக்கு அளவு என்று நீங்கள் கொடுத்தனுப்பிய சட்டையைத் தந்தார். போன வருஷம் நான் தைத்ததுதான். வயிற்றுப் பக்கம் பட்டன் துளை இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. சட்டைக் கைகளை மட்டும் யாரிடமோ கொடுத்து, தொளதொளப்பு தெரியாமல் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள். சாப்பிட்டுப் பெருத்தவருக்குக் கையும் சேர்ந்துதானே பெருக்கும்? தினம் எத்தனை பேருக்கு அளவெடுக்கிறேன், என்னிடமேவா?

தொப்பையை நான் கேலி செய்ததும், அது குறைய ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டேன் என்றீர்கள். நானும் தெருவெல்லாம் பெருமையடித்தேன். சோறு இருந்த இடத்தில் பாட்டில் வந்து உட்கார்ந்ததை உங்கள் தோழர்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கிரேன் ஏணியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறீர்களாமே. நீங்கள் தடுக்கக்கூடாதா என்று அவரிடம் கேட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் அறையை மாற்றிக்கொண்டு போய்விடுவார் அண்ணி, இப்போது நானாவது கூட இருக்கிறேன் என்றார். அவரை என்ன சொல்வது?

சீருடை தைக்க வந்த நர்ஸம்மாவிடம், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டேன். குடித்தது உள்ளே போனால் உடம்பு அதை எரிக்கத்தான் முதலில் ஓடுமாம். கொழுப்பெல்லாம் எரியாமல் வயிற்றிலும் ஈரலிலும் தங்கிவிடுமாம். சோற்றையும் நிறுத்தினால் கை கால் சதைதான் கரையுமாம். சொல்லிவிட்டு மேஜையில் கிடந்த உங்கள் சட்டையைப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை. அவர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கோபம் கோபமாக வருகிறது. வந்து என்ன? பாட்டிலைப் பிடுங்க இங்கிருந்து கை எட்டவில்லை. வீடியோவில் தொப்பையைக் காட்டச் சொல்லிப் பாப்பா கேட்டால், ஃபோனை முகத்துக்கு நேராகத் தூக்கிவிடுகிறீர்கள். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள். நானும் சிரித்துவைக்கிறேன்.

சட்டைகளைத் தைத்து உங்கள் தோழரிடமே கொடுத்தனுப்புகிறேன். வயிற்றுப் பக்கம் தாராளமாக விட்டிருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் பெருத்துக்கொள்ளுங்கள், இனிமேல் கேலி செய்யமாட்டேன். ராத்திரி ஒரு கைப்பிடிச் சோறாவது சாப்பிடுங்கள். அங்கே ஒரு டாக்டரிடம் ஈரலைக் காட்டுங்கள். குடியை விடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதினால் இதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

எப்போது வந்தாலும் சரி. உங்கள் காலால் நடந்து வீட்டுக்குள் வாருங்கள். அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுத் தையல்காரி