பானுமதி பட்டாசுக் கடை

ஏரியூர்,
8.9.2025

அன்புள்ள பானுமதிக்கு,

மாதவராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மாடும் கன்றும் நலம். நீ வைத்த முருங்கை மட்டும் கம்பளிப்பூச்சி பிடித்துக் கிடக்கிறது. அங்கே நீயும் கோகிலவாணியும் மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும் பாப்பாவும் சௌக்கியம் என்று கோகிலா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. மகளுக்குப் போட்டால் ‘அம்மா குளிக்கிறாங்கப்பா’ என்கிறாள். காலை பத்து மணிக்கும் குளிக்கிறாய், சாயங்காலம் ஆறு மணிக்கும் குளிக்கிறாய். பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேப்பரில் போட்டதெல்லாம் பொய் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கையெழுத்து வாங்காமல் தபால்காரர் நகர மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம்தான். தற்காலிகப் பட்டாசுக் கடை லைசென்ஸுக்கு மனு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். கடை அறை உன் அப்பா உனக்கு எழுதிக் கொடுத்த இடத்தில் இருக்கிறது. ஆறு வருடமாக லைசென்ஸும் உன் பெயரில்தான் வருகிறது. ஆகவே கையெழுத்தும் நீதான் போட வேண்டும். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த மூன்று இடத்திலும் போட்டு, உன் போட்டோ இரண்டு சேர்த்து அனுப்பு.

உன் கையெழுத்தை நானே போடத் தெரியாதவன் இல்லை. உன்னைவிட நன்றாகவே போடுவேன், அது உனக்கும் தெரியும். மனு எழுதும் இடத்தில் பேனாவை வாங்கி ‘பா’ வரைக்கும் போட்டும் விட்டேன். அப்புறம் என்னவோ கை ஓடவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மனு வாங்கி வந்தேன். இதை நீ என் நல்ல குணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிரங்குப் பெட்டி விஷயமாக ஒரு வார்த்தை. விற்றது போக மிஞ்சிய வெடியை அதில் போட்டுப் பூட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டு, பூர்வீகப் பத்திரம் இருக்கிறது, திறக்காதே என்று உன்னிடம் சொன்னது தப்புதான். ஆனால் நம் ஊர் நிலைமை உனக்குத் தெரியாததா? தீபாவளிக்கு முந்தின வாரம் மூலைக்கு மூலை பட்டாசுக் கடை. தீபாவளி முடிந்த மறுநாள் தேடினாலும் ஒரு ஓலை வெடி கிடைக்காது. யானையோ தீபாவளி பார்த்து வருவதில்லை. ராகி கதிர் பிடிக்கும்போதுதான் காட்டிலிருந்து இறங்கும். அப்போது பக்கத்து நிலத்துப் பச்சியப்பனும் குள்ளம்மாளும் யார் வாசலில் வந்து நிற்பார்கள்? நம் வாசலில். ‘அண்ணா, ரெண்டு அணுகுண்டு இருக்குதுங்களா’ என்று கேட்டு வந்தவர்களை ஒரு வருடமாவது நான் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேனா?

அந்தப் பெட்டியின் மேல் நீ தினமும் கொசுவத்திச் சுருள் ஏற்றி வைத்தாய், அது எனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று கோகிலாவிடம் சொல்லி அழுதாயாம். நீ தூங்கியதும் நான் எழுந்து சுருளைத் தரையில் எடுத்து வைப்பேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

கோபம் இருக்கட்டும். கையெழுத்துக்கும் கோபத்துக்கும் சம்பந்தம் இல்லை. பாப்பாவுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மாதவராஜ்

•

ஏரியூர்,
12.10.2025

அன்புள்ள பானுமதிக்கு,

மனு வந்து சேர்ந்தது. மூன்று கையெழுத்தும் இருந்தன. கூட ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று உறையை உதறிப் பார்த்தேன். மனுவின் பின்பக்கத்தையும் பார்த்தேன். கோகிலாவைக் கேட்டதற்கு, ‘அம்மா கையெழுத்துப் போட்டது கடைக்குத்தானுங்கப்பா, உங்களுக்கு இல்லீங்களாம்’ என்றாள். சரி. கடையாவது கொடுத்து வைத்தது.

போட்டோவில் கொஞ்சம் இளைத்திருக்கிறாய். கண்ணாடி புதிது போலிருக்கிறது. நன்றாக இருக்கிறது.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இரண்டு கதவும் திறந்து வைத்து, மணல் வாளி நான்கு, தண்ணீர் டிரம் ஒன்று, ஒயர் எதுவும் தொங்காமல், எல்லாம் சட்டப்படி. ‘பானுமதி பட்டாசுக் கடை’ என்று புது பேனர் கட்டியிருக்கிறேன். பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. நேற்று முதல் வியாபாரம். இந்த வருடம் பொடிசுகள் எல்லாம் சாட்டை வேண்டும், பாம்பு மாத்திரை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். பெரியவர்கள் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு என்று சொல்லித் தங்களுக்குச் சரவெடி வாங்குகிறார்கள். புஸ்வாணத்தில் பெரிய சைஸ் பாப்பாவுக்காக ஒரு பெட்டி தனியாக எடுத்து, மேல் தட்டில் அவள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆய்வுக்கு வந்த ஆபீசர் சின்ன வயதுக்காரர். பேனரைப் பார்த்துவிட்டு ‘அம்மா எங்கீங்க’ என்று கேட்டார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். அடுத்து, மிஞ்சுகிற சரக்கை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வியை வருடா வருடம் கேட்கிறார்கள். தர்மபுரி மொத்தக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவோம் என்று வருடா வருடம் நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அதையே சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்கு மடியில் ஒன்றும் இல்லை, டிரங்குப் பெட்டியும் இப்போது காலி, ஆனாலும் பயந்தேன். அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

தீபாவளிக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குளிக்கப் போய்விடுவாய். ஆனால் அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை ஓசூர் வழியாகத் தர்மபுரிக்கு நிறைய பஸ் விடுகிறார்களாம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பாப்பாவின் கண்ணில் விடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கடையில் வேலை பார்க்கும் மாதவராஜ்

•

ஏரியூர்,
24.11.2025

அன்புள்ள பானுமதிக்கு,

தீபாவளிக்கு நீ வரவில்லை. பாப்பாவின் புஸ்வாணப் பெட்டியைக் குள்ளம்மாளின் பேரன் கொளுத்தினான். கடை வாசலில் நின்று பார்த்தேன். பூ நன்றாக உயரமாகத்தான் எழுந்தது.

இப்போது நான் சொல்லப்போவதைப் பொறுமையாகப் படி. நல்ல செய்தி ஒன்று, நஷ்டச் செய்தி ஒன்று. இரண்டும் ஒன்றுதான் என்பது கடைசியில் உனக்கே தெரியும்.

தீபாவளி முடிந்த மறுநாள் காலையிலேயே மிஞ்சிய சரக்கை எல்லாம் அட்டைப் பெட்டியில் கட்டினேன். மழையால் வியாபாரம் கொஞ்சம் மந்தம். ஆறு பெட்டி மிஞ்சியது. ஒரு பெட்டி முழுக்க அணுகுண்டு. அதை மட்டும் கடைசி வரைக்கும் வண்டியில் ஏற்றவில்லை. ஏற்றவும் மனம் வரவில்லை, இறக்கவும் மனம் வரவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பச்சியப்பன் வந்து, ‘அத எதுக்குங்ணா அனுப்பறீங்க, கார்த்திகைல யான வந்தா வேணுமில்லீங்களா’ என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தீபாவளிக்கே வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நீ கேட்பாய். வாங்கினான். அவன் மகன்கள் இருவரும் மிச்சம் வைத்தால்தானே.

கடைக்குள் வைக்கலாம் என்றால் லைசென்ஸ் முடிந்துவிட்டது, பெயரோ உன் பெயர். மாட்டுக் கொட்டகை என்றால் வைக்கோல். சுற்றிச் சுற்றி யோசித்தால் மறுபடியும் அந்தக் கட்டிலடியில்தான் வந்து நிற்கிறது. அப்போதுதான் மே மாதம் ஞாபகம் வந்தது. லீவுக்கு வந்த பாப்பா பன்னிரண்டு நாள் அந்தக் கட்டிலில்தான் படுத்தாள். நீ பக்கத்தில் தரையில் படுத்தாய். கொசு கடிக்கிறது என்று அவள் சிணுங்கியதும் ஒரு சுருளுக்கு இரண்டு சுருளாக ஏற்றி வைத்தாய். அந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டு நாள் நான் அரூருக்கு உரம் வாங்கப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். சுருளை எடுத்துக் கீழே வைக்க ஆள் இல்லை. ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது பொய். எழுதும்போது பொய் என்று தெரியாது. பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

உடனே எழுந்துவிட்டேன், பானு. பச்சியப்பனையே கூப்பிட்டு அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னேன். அன்றைக்கே தர்மபுரி போய் ஆறு பெட்டியையும் ஒப்படைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

இனி நஷ்டம். போன வாரம் சாயங்காலம் பச்சியப்பன் ஓடி வந்தான். ‘அண்ணா, பள்ளத்துல ஒத்த யான நிக்குதுங்க. நாலு அணுகுண்டு எடுங்க’ என்றான். இல்லை என்றேன். சிரித்தான். நம்பவில்லை. குள்ளம்மாளும் வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ‘உங்க வூட்டுலயே இல்லீன்னா ஊருல எங்கீங்க இருக்கும்’ என்று குள்ளம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வனத்துறைக்குப் போன் போட்டோம். அவர்கள் வேறு ஊரில் வேறு யானையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தகரம் தட்டினோம். யானை கச்சேரி கேட்பது மாதிரி காதை ஆட்டிக்கொண்டு, அதன்பாட்டுக்குச் சாப்பிட்டது. வனத்துறைக்காரர்கள் வெடியோடு வந்து விரட்டுவதற்குள், நம் கரட்டுக் காட்டில் அரை ஏக்கர் ராகி போய்விட்டது. அடுத்தவர் காட்டில் கால் வைக்கவில்லை. அந்த மட்டில் யானைக்கும் நியாயம் தெரிந்திருக்கிறது.

விடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார். நஷ்ட ஈட்டுக்கு எழுதிக்கொண்டே, பட்டாசுக் கடை வைத்திருக்கிறீர்கள், உங்களிடம் விரட்ட வெடி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் ஒன்றுகூட இல்லையா என்றார். ஒன்றுகூட இல்லை என்றேன். மிதிபட்டுக் கிடந்த ராகிக்கு நடுவில் நின்றுகொண்டு அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஆறு வருடத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நஷ்டப்பட்டவன் சிரிக்கிறானே என்று பார்த்தார்.

வெடி இல்லாமல் அடுத்த வருடம் என்ன செய்வது என்று கவலைப்படாதே. ஊரில் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்து வாங்கி வனத்துறைக்கு மனு கொடுத்திருக்கிறேன். ராகி அறுக்கிற வரைக்கும் வெடியோடு ஒரு காவலரை நம் பக்கமே நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். ஆகட்டும், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். செய்ய வைத்துவிடுவேன். நாற்பத்திரண்டு கையெழுத்தும் அவரவரே போட்டது.

நீ கிளம்பின அன்று, வீட்டில் வெடி இருக்க வேண்டுமா நான் இருக்க வேண்டுமா என்று கேட்டாய். மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு நான், ‘யான வந்தா நீ போயி நின்னா ஓடிருமா’ என்றேன். இந்த ஆறு மாதமாக அந்தப் பேச்சு எனக்கே காதில் விழுந்துகொண்டிருக்கிறது. சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு. மாப்பிள்ளையிடமும் போனில் சொல்லிவிட்டேன். அவர் பாவம், ‘பரவாயில்லீங்க மாமா’ என்று மூன்று தடவை சொன்னார்.

என் பேச்சை நீ நம்ப வேண்டாம். நம்பி நம்பித்தானே ஏமாந்தாய். நேராகக் கரட்டுக் காட்டுக்கு வந்து அந்த அரை ஏக்கரைப் பார். வீட்டில் வெடி இருந்திருந்தால் மாதவராஜ் அதைப் பறிகொடுத்திருக்க மாட்டான் என்று உனக்குத் தெரியும். அதை அறுக்காமல், உழாமல், அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி கார்த்திகை தீபம். பாப்பாவையும் கூட்டி வா. டிரங்குப் பெட்டியில் இப்போது நிஜமாகவே பூர்வீகப் பத்திரம்தான் இருக்கிறது. பூட்டவில்லை. மழை விட்டதிலிருந்து கொசு அதிகம். சுருள் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். நீ பழையபடி பெட்டியின் மேலேயே ஏற்றி வை. நான் எழுந்து எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்
மாதவராஜ்