கழட்டாத நட்சத்திரம்

டிசம்பர் 27

அண்ணி போன் செய்தார். "இன்னும் அந்த நட்சத்திரத்தைக் கழட்டலியா? கிறிஸ்துமஸ்தான் முடிஞ்சிருச்சே."

முடியட்டும். மற்ற வருஷங்களில் இருபத்தாறாம் தேதி காலை, காபி ஆறுவதற்குள் என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். காகித நட்சத்திரம், விளக்குச் சரம் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி மேல் அவர் கையெழுத்து: "டிச. 26 உள்ளே வைக்கவும்."

இந்த வருஷம் ஸ்டூல் இருக்கிறது, பெட்டி இருக்கிறது. அவர்தான் இல்லை. "கொஞ்சம் யோசிக்கணும்" என்று நவம்பரில் போனவர், வேறொருத்தியோடு குடியேறிவிட்டார். என்னைக் கழட்டிவிட்டாயிற்று. இதில் நான் வேறு எதையோ கழட்ட வேண்டுமாம்!

டிசம்பர் 30

மருந்துக்கடையில் இன்று காலாவதியான மாத்திரைகளைப் பிரித்து எடுக்கும் வேலை. அட்டைக்கு அட்டை தேதி. வீட்டுக்கு வந்து நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் தேதி போடவில்லை.

ஜனவரி 6

கீழ்வீட்டு ஓனர் படியில் நிறுத்தினார். ரிட்டயர்ட் தலைமையாசிரியர், இன்னும் எல்லாரையும் நிற்க வைத்துத்தான் பேசுவார்.

"சார் இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு வெளிச்சம்?"

பிறகு விஷயத்துக்கு வந்தார். வாடகை ஒப்பந்தம் என் கணவர் பேரில். இந்த மாதத்தோடு முடிகிறது. "குடும்பம்னுதான் குடுத்தேன். தனியா இருக்கறவங்களுக்கு நான் விடறதில்ல."

"நானும் குடும்பம்தான் சார்" என்றேன். குரல் நடுங்காமல் வந்துவிட்டது. மேலே வந்து கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன். பயம்தான். எனக்கு நானே எதற்கு மறைக்க வேண்டும்?

ஜனவரி 7

இன்றும் விளக்கைப் போட்டேன். வழக்கத்தைவிட அரை மணி முன்னாலேயே.

ஜனவரி 11

அண்ணன் வந்தான். பின்பக்க அறையை எனக்காக ஒழித்து வைத்திருக்கிறார்களாம். நல்ல மனசுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறை எனக்குத் தெரியும். இஸ்திரி மேஜை, ஓடாத சைக்கிள், பழைய மெத்தை. அந்த வரிசையில் நாலாவதாக நான். போக மாட்டேன்.

ஜனவரி 19

அவர் வந்தார், மீதித் துணிகளை எடுத்துப்போக. என் முகத்தைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்த்தார். "என்ன இது, ஜனவரி முடியப் போகுது" என்று ஸ்டூலை இழுத்தார். பழக்கதோஷம்.

"கை வைக்காதீங்க. மாட்டினது நான். கழட்டறதும் நான்தான்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கழட்டிவிடறதுல உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தின்னு எனக்குத் தெரியும்."

ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் அழுதேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். விளக்கைப் போட்டேன்.

ஜனவரி 24

ஓனருக்கு முட்டிவலி பெல்ட் பார்சலில் வந்தது. கூரியர் பெண்மணிக்கு வழி தெரியவில்லை. ஓனர் வாசலில் நின்று போனில் கத்துகிறார்: "மேல நட்சத்திரம் தொங்கும் பாருங்க, அந்த வீடு!"

படியில் நின்று கேட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜனவரி 25

நேரே கீழே போனேன். "நட்சத்திரம் தொங்கற வீடுன்னு நீங்களே சொல்றீங்க சார். அதை மாட்டினவ அங்க இருக்கக் கூடாதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிக்கிறேன்மா."

நவம்பரில் போனவரும் இதையேதான் சொன்னார்.

ஜனவரி 31

ஓனர் புது ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உன் முழுப் பேர் என்னம்மா?"

ஆறு வருஷம் இந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறேன். இன்றுதான் கேட்கிறார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

பிப்ரவரி 16

ஞாயிறு. நட்சத்திரத்தை இறக்கித் தரையில் வைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பெல்ட் கட்டிய முட்டியோடு மூச்சு வாங்க ஓனர் மாடிக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா கழட்டிட்ட? காலி பண்றியா?"

"தூசி தட்டத்தான் சார்."

"அப்ப சீக்கிரம் மாட்டு. பிளம்பரை வரச் சொல்லியிருக்கேன். வீடு தெரியாம அலையப் போறான்."

நட்சத்திரம் வைக்கும் பெட்டி எங்கே என்று சந்தேகத்தோடு தேடினார். அதில் இப்போது வெங்காயம் இருக்கிறது என்றேன். நான் ஏறி மாட்டினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.