நிறுத்தாமல் பார்த்த படம்

என்னவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வில்கமுவவில் உங்கள் கூடப்பிறந்த நானா வீட்டில் போனை அணைத்துவிட்டு எவ்வளவு நாள்தான் இருப்பீர்கள்? யூடியூப் விமர்சனங்களில் உங்களிடம் திட்டு வாங்கிய இயக்குநர்கள் இப்போது உங்கள் முதல் படத்தைக் கிழிக்கிறார்கள். கிழிக்கட்டுமே.

நேற்று மகளும் நானும் வீட்டு டிவியில் பார்த்தோம். பாதிக்கு மேல் இழுவைதான். ஆனால் கதாநாயகி, கோபத்தில், கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவும்போது, "உம்மா, இது நீங்கதானே?" என்றாள் மகள். இவ்வளவு நாளும் என்னையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

மற்றவர்களின் படத்தைப் பிழைக்குப் பிழை நிறுத்தி விளக்குவீர்கள். உங்களோடு ஒரு படமும் நான் நிம்மதியாகப் பார்த்ததில்லை. உங்கள் படத்தை மட்டும் நிறுத்தாமல் பார்த்து முடித்தேன். நிறுத்த வேண்டிய இடங்கள் நிறைய இருந்தன. சொல்லத்தான் பக்கத்தில் நீங்கள் இல்லை.

இப்படிக்கு,
கோப்பை கழுவுகிறவள்