நீ சொல்ல மறுத்த சிபாரிசு

இன்று மதியம் எங்கள் ஓய்வறையில் நாலைந்து டிபன் பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் திறந்தன. ரசமும் முட்டைப் பொரியலும் கையில் தேய்க்கும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனைக்குள், டயாலிசிஸ் பிரிவு சிஸ்டர் ஒருவர் சாப்பாட்டோடு வந்து, "இங்க உக்காரலாமா?" என்றார். ஒரு கணம் நீதான் என்று நிமிர்ந்துவிட்டேன்.

நர்சிங் முடித்து நாம் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். நாங்கள் அவரவர் வார்டில் சாப்பிட, நீ மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டர், ஒரு நாள் லேப் என்று கிளம்பிவிடுவாய். "நம்ம வார்டு கதை நமக்குத் தெரியும். அங்க என்ன நடக்குதுன்னு பாக்க வேணாமா?" என்பாய். வம்பு பேசப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் மதுரையில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்கு ஆள் தேவை, யார் வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறார்கள் என்பதெல்லாம் விளம்பரம் வரும் முன்பே உனக்கு எப்படித் தெரிந்தது?

குழந்தைகள், படுக்கையில் விழுந்த மாமியார் என்று பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு நான் மறுபடி வேலை தேடினேன். போன இடமெல்லாம், "இடையில ரொம்ப கேப் விழுந்திருக்கேம்மா" என்று ஃபைலை மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச காலம் இப்படிப் போனால் நானே என்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன் என்ற பயம் வந்துவிட்டது. உங்கள் ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு உன்மேல் தனிப் பிரியம். "என்னயப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்டி" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்" என்றாய். "நான் சொன்னா என் ஆளுன்னு உன்னைய எடுப்பாங்க. அப்புறம் காலத்துக்கும் நீ என் ஆளுதான். ஞாயித்துக்கெழம சோறு கட்டிக்கிட்டு வா, கப்பலூர் போறோம்."

அங்கே ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் உனக்குத் தெரிந்த சிஸ்டர் ஒருவர் வேலை பார்த்தார். நான் சான்றிதழ் ஃபைலோடு போய் நின்றேன். எலுமிச்சைச் சாதத்துக்குப் பக்கத்தில் அதைப் பிரித்து வைத்ததும் நீ பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாய்.

"ஏய், அதுல என் டிகிரி இருக்குடி."

"இருக்கட்டும். எங்க ஓடிரப் போகுது? சாப்பிடு."

அந்த சிஸ்டர் சிரித்துவிட்டார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஒரு வெல்டருக்குக் காலில் பட்ட தீப்புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்றார். சுகர் பார்த்தீர்களா, எந்த மாதிரி ஷூ போடுகிறார், நாள் முழுக்க நின்றே வேலையா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ வாயே திறக்கவில்லை. வேலை விஷயத்தை எடுக்கவே இல்லையே என்ற ஆத்திரத்தில், திரும்பும் பஸ்ஸில் பழங்காநத்தம் வரை உன்னோடு நான் பேசவில்லை. நீயோ ஜன்னலில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கினாய்.

சில மாதம் கழித்து, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கென்று ஒரு ஆஸ்பத்திரியில் தனிப்பிரிவு தொடங்கினார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் கப்பலூர் சிஸ்டரோடு முன்பு வேலை பார்த்தவர். ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது சிஸ்டர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

நீதான் மறைவாகச் சொல்லி வைத்திருப்பாய் என்று நினைத்தேன். கேட்டால் சிரித்து மழுப்புவாய். போன மாதம் உன் நினைவுத் திருப்பலி முடிந்து தேவாலய வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர், லேப் டெக்னீஷியன், எந்தெந்த ஆஸ்பத்திரி நர்ஸுகளோ. ஒருவரை ஒருவருக்குத் தெரியாது, உன்னோடு சாப்பிட்டதுதான் அவர்களுக்குள் பொது. அங்கே கப்பலூர் சிஸ்டரும் வந்திருந்தார். கேட்டேவிட்டேன்: "எனக்காக அவ உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லல சிஸ்டர். நீங்க வர்றதுக்கு மொத நாள் போன் பண்ணி, 'என் ஃப்ரெண்டக் கூட்டிக்கிட்டு வாரேன், நெறைய கேள்வி கேப்பா, கோவிச்சுக்கிறாதீங்க'ன்னா. அம்புட்டுத்தான்."

அது சிபாரிசா, எச்சரிக்கையா? அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓயாமல் கேள்வி கேட்கிறாள் என்று கல்லூரியிலும் புகுந்த வீட்டிலும் என்மேல் குறையாகச் சொன்னதையே எடுத்து, எனக்கு முன்னால் அனுப்பி வைத்திருக்கிறாய். என்னைச் சுமக்காமல், எனக்கு இடம் மட்டும் போட்டாய். அதை அப்போதே தெரிந்துதான் செய்தாயா? கேட்க இப்போது ஆளில்லை.

ஆனால் கேட்பதை நான் விடவில்லை. நேற்று அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் கட்டுப் பிரித்தேன். வெறுங்காலோடு வயலுக்குப் போகிறாரா, ராத்திரி பாதம் எரிகிறதா, வீட்டில் யார் புண்ணைத் துடைத்துவிடுகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டேன்.

"இம்புட்டு கேள்வி கேட்டா நான் எப்ப பஸ்ஸப் பிடிக்கிறது தாயி?" என்றார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்யா" என்று அடுத்ததைக் கேட்டேன்.