றொனால்ட்டின் கல்லில் எழுதியது

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
ஏப்ரல் 20

அன்பு மகள் மெலனிக்கு,

தனியாக இருக்கும் உன்னை ஆண்டவர் கைவிடாமல் காப்பாராக. நானும் அம்மாவும் இருக்கிறோம். ரோமில் உன் ஆராய்ச்சி இன்னும் இரண்டு வருடம் நீளும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே பனி உருகி நிலம் இளகிவிட்டது. உன் தம்பி றொனால்ட்டைப் புதைத்த இடத்தில் இனிக் கல் வைக்கலாம் என்று சேமக்காலையிலிருந்து அறிவித்தார்கள். அவன் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த நாள் முதல் அம்மா அழவில்லை என்பது உனக்குத் தெரியும். செத்தவீடு முடிந்து நீ திரும்பிப் போன பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாள். கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டால், "ஒண்டும் எழுத வேண்டாம். எழுதினால் உண்மையாப் போயிடும்" என்பாள்.

சனிக்கிழமை அவளை வற்புறுத்திக் கல் வெட்டுபவரிடம் கூட்டிப்போனேன். வயதான இத்தாலியர். வேத வசனங்கள் அச்சடித்த தாளை நீட்டினார். அம்மா தொடவில்லை. அப்போதுதான், பழைய ரோமர்களின் கல்லறை ஒன்றைப் படமெடுத்து, அதிலிருந்த லத்தீனை நீ தமிழில் எழுதி அனுப்பியது ஞாபகம் வந்தது. அவளுக்குச் சொன்னேன்: "பிள்ளை எங்களுக்குச் செய்யவேண்டியதை, நாங்கள் பிள்ளைக்குச் செய்தோம்."

இன்னொருக்கால் சொல்லச் சொன்னாள். பிறகு அந்தக் கடையின் தரையிலேயே இருந்து, குரலெடுத்து அழுதாள். கிழவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார். நானும் வெளியே போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தன் ஊரிலும் பிள்ளையைப் புதைத்தவர்கள் ஏறத்தாழ அப்படித்தான் இன்றைக்கும் எழுதுகிறார்கள் என்றும், தானே அப்படி வெட்டியிருப்பதாகவும் சொன்னார். அதையே தமிழில் வெட்டக் கொடுத்தோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய யாரோ ஒரு தாயின் வார்த்தை எங்கள் பிள்ளைக்கும் பொருந்திவிட்டது.

திரும்பும்போது சப்வேயில் அம்மா தானாகக் கேட்டாள்.

"அந்தத் தாய்க்கு வேற பிள்ளையள் இருந்ததோ?"

எனக்குத் தெரியாது, மெலனிக்குத்தான் தெரியும் என்றேன்.

"அப்ப அவளைக் கேளுங்கோ. இருந்திருந்தால், அந்தப் பிள்ளை பிறகு தாயிட்டை வந்ததோ எண்டும் கேளுங்கோ."

அதெல்லாம் கல்லில் எழுதியிருக்காது என்று எனக்கும் தெரியும், மகள். மே கடைசியில் பங்குச் சுவாமி வந்து ஜெபம் சொல்லிக் கல்லை மந்திரிப்பார். உன் படிப்புக்கு நாங்கள் இடைஞ்சல் செய்யமாட்டோம். ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ எந்த வழியில் வந்தாலும் மாதா துணையிருப்பாவாக.

உன் அப்பா,
மரியரட்ணம்